மத்தியானப் பனி

பாலாமணி தன் வாழ்நாளில் சொன்ன பொய்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அவற்றுள் மிகச் சாதுவான பொய், பனியைப் பற்றியது.

"பனிக்கு பேட்டரி நிக்காதுங்க" என்று சொல்லிவிட்டாள், போன மாதம் கணவர் வேலுசாமி தன் போனைப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மார்கழியில் கேத்தி பள்ளத்தாக்கு விடியும்போது புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல் வெளுத்துக் கிடக்கும். குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். பிக்கப் வண்டி பத்துத் தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பும். மலையில் குடியிருக்கிற எவரும் பேட்டரி சீக்கிரம் இறங்கினால் முதலில் பனியைத்தான் திட்டுவார்கள். வேலுசாமியும் திட்டினார்.

அவள் அதோடு நிற்கவில்லை. பீரோவின் அடித்தட்டைக் கிளறி, மகன் தினேஷ்குமார் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன கம்பளி சாக்ஸ் ஒன்றைத் தேடி எடுத்தாள். போனை அதற்குள் நுழைத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"இதுக்குள்ளயே வெச்சுக்குங்க. சூடு தங்கும்."

சாக்ஸ் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை என்பது நம் வாசகர்களுக்குப் புதிய சேதி அல்ல. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் கேரட் மூட்டைக் கதையை ஒரு வாய் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கழுவின கேரட் யாருக்காகவும் காத்திருக்காது. மண்ணோடு இருக்கும்வரை அதற்குப் பொறுமை உண்டு. மெஷினில் போட்டுக் கழுவி மூட்டை கட்டிவிட்டால் அன்றைக்கே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியாக வேண்டும். சென்ற வருஷம் வேலுசாமி காய்ச்சலில் படுத்திருந்த நாளில், லோடு எடுத்துப் போகவேண்டிய தினேஷ்குமார் யாரிடமும் சொல்லாமல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போய்விட்டான். போன் சுவிட்ச் ஆஃப். மூட்டைகள் ஷெட்டிலேயே கிடந்து கொழகொழத்துப் போயின.

மறுநாள் திரும்பி வந்தவனை, கழுவுகிற ஷெட்டில், வேலையாட்கள் முன்னால், ஷெட் முதலாளி தினகரன் முன்னால், வேலுசாமி நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"எங்க போனே, என்ன ஆனேன்னு தெரியாம பைத்தியக்காரனாட்டம் அலைஞ்சேன்டா. போதும். இனி நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நான் எங்க இருக்கேன்னு உனக்கும் தெரிய வேண்டாம்."

கேரட் அழுகினதற்குத்தான் அந்தக் கோபம் என்று ஊரார் நினைத்தார்கள். அவன் வராத அந்த இரவில், எங்காவது விழுந்து கிடக்கிறானோ என்று காய்ச்சல் உடம்போடு குன்னூர்வரை ஒவ்வொரு வளைவிலும் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போன மனுஷர் அவர் என்பது பாலாமணிக்கு மட்டும்தான் தெரியும். அவளும் அதைச் சொல்லவில்லை. பையன் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் போய்ச் சேர்ந்தான்.

போனான், ஆனால் போய்விடவில்லை. பக்கத்து வீட்டுத் தெய்வம்மாவின் போனில் வாரத்துக்கு ஒரு முறை அம்மாவைக் கூப்பிடுவான். பாலாமணிக்கென்று இருந்த பட்டன் போன் கேரட் தொட்டியில் விழுந்து செத்துப்போய் வெகு நாளாயிற்று. தெய்வம்மா வேலிக்கு அப்பாலிருந்து, "அக்கா, கறிவேப்பிலை கேட்டீங்களே" என்று குரல் கொடுத்தால் தினேஷ்குமார் லைனில் இருக்கிறான் என்று அர்த்தம். பாவம், அந்த வீட்டில் கறிவேப்பிலைச் செடியே கிடையாது.

அப்படி ஒரு நாள்தான் அவன் அந்த ரகசியத்தைச் சொன்னான்.

"அம்மா, அப்பாவுக்கு இந்தப் போன் வாங்கிக் குடுத்தப்பவே ஒண்ணு போட்டு வெச்சேன். அப்பா எங்க போனாலும் என் போன்ல மேப்புல தெரியும். மழைக்கு ரோட்ல மண்ணு சரியுமில்ல, அதுக்காகப் போட்டது. இன்னும் அது ஓடிட்டுத்தான் இருக்கு. அப்பாகிட்டச் சொல்லிராதம்மா. சொன்னா அணைச்சிருவாரு."

அவள் ஏன் சொல்லப்போகிறாள்? தகப்பன் எந்த வளைவில் போகிறார், எந்தக் கடையில் டீ குடிக்கிறார் என்று திருப்பூரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் தூங்கினாள்.

தீபாவளி கழிந்ததும்தான் வினை வந்தது. போன் தானாக எதையோ அப்டேட் பண்ணட்டுமா என்று கேட்க, வேலுசாமி எதையோ அமுக்க, வெகு நேரம் திரை கறுத்துக் கிடந்து விழித்தது. அன்றிலிருந்து காலையில் போட்ட சார்ஜ் மத்தியானச் சோற்றுக்குள் காலி.

"அப்டேட்டுக்கு அப்புறம் அந்த மேப்பு நெறைய சார்ஜ் இழுக்குதும்மா. இங்க நெறையப் பேருக்கு அப்படித்தான் இருக்குது. அடுத்து ஒண்ணு வரும், சரியாயிரும். அதுவரைக்கும் நீ பாத்துக்க" என்றான் மகன்.

அவள் பார்த்துக்கொண்டாள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் போனை எடுத்துச் சொருகுவாள். குளிக்கப் போனால் சொருகுவாள். தோட்டத்துக்குப் புறப்பட்டவரை நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் ஏறட்டுங்க" என்பாள். கன்றுக்குட்டிக்குக்கூட அவள் இத்தனை தடவை தண்ணீர் காட்டியதில்லை.

ஒரே ஒரு விஷயம் அவளுக்கும் மகனுக்கும் புரியாமல் இருந்தது.

"அம்மா, அப்பா மண்டிக்குப் போறப்பெல்லாம் பர்லியார்ல வண்டிய நிறுத்திட்டு ரொம்ப நேரம் நிக்கறாரு. டீக்கடை தாண்டி, ரோட்டோரமா. எதுக்கும்மா? உடம்புக்கு ஏதாச்சுமா? தலை சுத்துதா?"

பாலாமணி கணவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். "நான் எதுக்குடி பர்லியார்ல நிக்கறேன்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். இனி இன்றைய பொழுது.

*

நேற்று மண்டிக்கு இறங்கும் வழியில் போன் அணைந்துபோக, மண்டிக்காரர் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டார். காலையில் வேலுசாமி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஊட்டிக்குப் போயி பேட்டரிய மாத்திட்டு வந்தர்றேன்."

கடையில் போனை நோண்டினால் மேப் விஷயம் தெரிந்துவிடுமே என்று பாலாமணி பயந்தாள். ஆனால் ஒரு விதத்தில் நல்லதுதானே என்றும் தோன்றியது. புது பேட்டரி என்றால் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். பனி, சாக்ஸ் எதுவும் வேண்டாம். கூடவே போய் நின்று, காரியம் பேட்டரியோடு முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போயிற்று.

"நானும் வாரனுங்க. மாரியம்மன் கோயிலுக்குப் போயி நாளாச்சு."

பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள். போன் அவள் மடியில் சாக்ஸுக்குள் இருந்தது.

மெயின் பஜாரிலிருந்து பிரியும் சந்தில் சர்தார் பாய் கடை. பாய் இப்போது கல்லாவில் உட்காருவதோடு சரி. ரிப்பேரெல்லாம் மகள் பர்சானாதான். நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு போனின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள், சாக்ஸிலிருந்து போன் வெளியே வருவதைக் கண்டு சிரித்தாள்.

"நல்லாக் குளிராமப் பாத்துக்கறீங்களேம்மா."

"பேட்டரி மாத்தணும்மா" என்றார் வேலுசாமி.

பர்சானா போனை வாங்கி எதையெதையோ தட்டிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குங்க. இதை மாத்தினா உங்களுக்குத்தான் வீண்."

"பரவால்ல கண்ணு, மாத்திரு. புதுசு போட்டா நிக்கும்ல" என்றாள் பாலாமணி, சற்று அவசரமாக.

"வாளி நல்லா இருக்குதுங்கம்மா. யாரோ மொண்டுட்டே இருக்காங்க. வாளிய மாத்தி என்ன பண்ண?"

"மாத்திரும்மா. வந்தது வந்தாச்சு" என்றார் வேலுசாமி.

பாலாமணி திரும்பி அவரைப் பார்த்தாள். சாதாரணமாக, நல்லா இருக்கிற பொருளை மாற்று என்று சொல்கிற ஆள் இல்லை அவர். கிழிந்த ஸ்வெட்டரையே நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறவர். இன்றைக்கு என்னவோ தன் பக்கம் பேசுகிறார், சாமி புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் புண்ணியம் நீடிக்கவில்லை. கடைப்படியில் நிழல் விழுந்தது. உள்ளே வந்தவர் ஷெட் முதலாளி தினகரன்.

"அட, மாமா. அக்காவும் வந்திருக்கீங்க. கேத்தியே இங்கதான் இருக்குது போல" என்றபடி, கீறல் விழுந்த தன் போனை மேஜைமேல் வைத்தார்.

"வாப்பா" என்றார் வேலுசாமி.

பர்சானா தலையைத் தூக்கவில்லை. நேர்மையான பெண். வீண் செலவு வைக்கக்கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு தேடிக்கொண்டிருந்தாள். தேடினால் கிடைத்துவிடுகிறதே, அதுதான் கஷ்டம்.

"இந்தா, கண்டுபுடிச்சுட்டேன். மேப்புதான் ஓடிட்டே இருக்கு. உங்க இடத்தை யாருக்கோ காட்டிட்டு இருக்குதுங்க. தினேஷ்குமார்னு ஒருத்தரு. உங்க பையனுங்களா?"

ஒரு வருஷமாக வீட்டுக்குள் யாரும் சொல்லாத பேர். அதை ஒரு முன்பின் தெரியாத பெண், டார்ச் வெளிச்சத்தில் படித்துச் சொல்லிவிட்டாள்.

முதலில் பேசியது தினகரன்.

"நம்ம தினேசா?" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங் மாமா, என்ற ஷெட்ல நின்னு என்னா வீராப்புப் பேசினீங்க. எங்க இருக்கேன்னு தெரியக்கூடாதுன்னீங்க. கடைசில கவுறு பையன் கையிலயேதான் இருந்துருக்குது."

தினகரன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷத்தில்தான் சொன்னார். ஆனால் வேலுசாமியின் காது மடல் சிவந்ததைப் பாலாமணி பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். அது ஏறிவிட்டால் அந்த மனுஷர் தன் கையைத் தானே வெட்டிக்கொள்வார்.

"நிறுத்திரும்மா அதை" என்றார்.

பர்சானா இப்போதுதான் நிமிர்ந்தாள். அங்கே நின்றவர்களின் முகங்களைப் பார்த்ததும் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்துவிட்டது.

"நிறுத்திட்டா அவரு போன்ல நீங்க தெரிய மாட்டீங்க. பரவால்லீங்களா? மறுபடி வேணும்னா நீங்களாத்தான் அனுப்பணும். அப்பா கூப்பிடறாருன்னு அவருக்கு மெசேஜ் போகும்."

"நிறுத்துன்னு சொன்னனில்ல."

"ஏனுங்க, ஊட்டுக்குப் போயி யோசிச்சு..." என்று ஆரம்பித்தாள் பாலாமணி.

அவர் திரும்பிப் பார்த்தார். தினகரனும் பார்த்தார். அவள் வாய் மூடிக்கொண்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

பர்சானா விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். எதுவும் விழவில்லை, சத்தம் இல்லை. போனைத் துடைத்துக் கொடுத்தாள்.

"இனி நிக்குங்க" என்றாள், பாலாமணியின் கண்ணைப் பார்க்காமல்.

வெளியே வந்தபோது உச்சிப் பொழுது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பஜாரில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று.

*

வண்டி லவ்டேல் பிரிவைத் தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பேரைப் படிச்சப்ப நீ திடுக்குன்னு ஆகலியே."

அவள் மடியிலிருந்த காலி சாக்ஸை மடித்தாள், பிரித்தாள்.

"தெரியுங்க. தெய்வம்மா போன்ல கூப்பிடுவான். அவன்தான் சொன்னான்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். ஒரு வேளை வண்டியை நிறுத்தி இறக்கிவிடுவார் என்றுகூட நினைத்தாள். வண்டியை நிறுத்தத்தான் செய்தார், பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிற திருப்பத்தில், ஓரமாக. கீழே படிப்படியாகக் கேரட் தோட்டம், முட்டைக்கோஸ் தோட்டம், நடுவில் ஊர்.

"நல்லா இருக்கானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் பாலாமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த கேள்வி. கேட்கவேண்டிய நாளா இது?

"இருக்கானுங்க. மெஸ் சோறு ஒத்துக்கலியாம். இளைச்சுட்டானாம்."

"ம்."

ஸ்டியரிங்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் தெரியும்."

"என்னங்க தெரியும்?"

"அவன் பாக்கறான்னு. மாசாமாசம் போன்ல தமிழ்லயே வரும், உங்கள் இருப்பிடத்தைத் தினேஷ்குமார் பார்க்க முடியும்னு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். முதல் மாசமே தெரியும்."

பாலாமணி அவரையே பார்த்தாள். பேட்டரியை மாற்று, மாற்று என்று இவர் அடம்பிடித்தது ஏன் என்று இப்போது விளங்கியது. பனி என்று அவள் சொன்னபோது, ஆமாம் பனிதான் என்று அத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டது ஏன் என்றும் விளங்கியது. இத்தனை நாளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்ப அந்த பர்லியார்..."

"சின்னதுல லோடுக்கு அவனையும் கூட்டிட்டுப் போவேன்ல. மலை இறங்குனா அவனுக்கு வயித்தைப் பெரட்டிரும். பர்லியார் வந்ததும் அந்தப் பாலத்தோரம் நிறுத்தி, வாந்தி எடுக்க வெச்சு, மூஞ்சியக் கழுவி விட்டு, தெளியற வரைக்கும் மடியில போட்டுட்டு உக்காந்திருப்பேன். அங்க நின்னா அவனுக்கு ஞாபகம் வரும்னு நெனச்சேன்."

வராது என்று அவளுக்குத் தெரியும். வாந்தி எடுத்த பிள்ளைக்கு எந்த ஊர் ஞாபகம் இருக்கும்? தலை சுற்றுகிறதா, உடம்புக்கு முடியவில்லையா என்றுதான் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதை இப்போது சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"பின்ன எதுக்குங்க நிறுத்தச் சொன்னீங்க?"

"தினகரன் நின்னான்."

"நின்னா என்னங்க?"

"அத்தனை பேர் முன்னால சொன்ன சொல்லுடி. யாருக்கும் தெரியாதவரைக்கும் நான் காட்டல, அவனாப் பாத்தான், அவ்வளவுதான். தெரிஞ்சதுக்கு அப்புறமும் விட்டுவெச்சா, நான் காட்டறேன்னு ஆகுதில்ல."

என்ன கணக்கோ இது. கோர்ட்டில்கூட இவ்வளவு நுணுக்கமாக வாதாட மாட்டார்கள். பாலாமணிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அந்தத் தலையை மடியில் போட்டுக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது.

"இப்பவே திரும்பிப் போலாங்க. அந்தப் புள்ளைகிட்டயே குடுத்தா மறுபடி போட்டுத் தருவா."

"நானாக் கூப்பிடணுமாம். கேட்டியல்ல?"

வண்டியைக் கிளப்பினார்.

*

சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் தெய்வம்மா.

"அக்கா, கறிவேப்பிலை."

தினேஷ்குமார் கூப்பிடுகிற கிழமை இல்லை இது. பாலாமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனாள்.

"அம்மா, அப்பா எங்க?" என்றான் எடுத்த எடுப்பில்.

"ஊட்டுலதான் சாமி இருக்காரு. ஏன்?"

"மேப்புல இல்லம்மா."

அவளிடம் கைவசம் ஒரு பொய்தான் இருந்தது. பல நாள் பழகின பொய். தானாகவே வாயில் வந்தது.

"பேட்டரி இறங்கிருச்சு கண்ணு. பனி, இல்ல? பனிக்கு நிக்க மாட்டேங்குது."

மறுமுனையில் தறி ஓடுகிற மாதிரி கம்பெனிச் சத்தத்துக்கு நடுவே அவன் மெல்லக் கேட்டான்.

"மத்தியானத்துல ஏதும்மா பனி?"

அவள் வாய் திறக்குமுன் அவனே தொடர்ந்தான்.

"நான் சாப்பாட்டு டயத்துல பாத்துட்டுத்தான் இருந்தேன். ஊட்டி பஜார்ல நின்னாரு. பாக்கப் பாக்கப் போயிருச்சு. பேட்டரி செத்தா அப்பா படம் நின்ன இடத்துலயே நிக்கும்மா. இது படமே இல்ல. அவரு பேரே இல்ல. அப்பாவே அணைச்சாரா?"

"அது வந்து கண்ணு, கடையில அந்தப் புள்ள..."

"அணைக்கச் சொன்னது அப்பாதானே?"

பிள்ளையிடம் பொய் சொல்லலாம். இரண்டாவது தடவை சொல்ல முடியவில்லை அவளுக்கு. சும்மா நின்றாள். சும்மா நின்றதே பதிலாகிவிட்டது.

"சரிம்மா" என்றான். "பொங்கல் லீவுக்கு வரலாம்னு இருந்தேன். ஊட்டுக்கு நேரா வரப் பயமா இருந்துச்சு. அதான், அப்பா லோடு எடுத்துட்டு இறங்கறத மேப்புல பாத்துட்டே வந்து, அவரு பர்லியார்ல நிக்கறப்ப நானும் அங்க பஸ்ஸை விட்டு இறங்கி நின்னுரலாம்னு. ஷெட்டும் இல்ல, ஆளுகளும் இல்ல. அங்கன்னா என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு தோணுச்சு."

"தினேசு, நில்லு. அப்பா அங்க எதுக்கு நிக்கறாருன்னு இன்னைக்குத்தான் சொன்னாரு. நீ சின்னப் புள்ளையா இருக்கறப்ப..."

"விடும்மா. அவரு சொன்ன சொல்லுல நிக்கறாரு. நான்தான் திருட்டுத்தனமாப் பாத்துட்டு இருந்தேன்."

லைன் போய்விட்டது. பாலாமணி அதன் பிறகும் காதில் வைத்துக்கொண்டு, "உன்னைய மடியில போட்டுட்டு உக்காந்திருப்பாராம் சாமி" என்று சொல்லி முடித்தாள். யாருக்குச் சொன்னாளோ.

தெய்வம்மா போனை வாங்கித் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப். இன்னொரு முறை போட்டாள். அதுவே.

"அழாதீங்கக்கா. நாளைக்குக் கூப்பிடுவான். சின்னப் பையன்தானே" என்றாள் தெய்வம்மா. பிறகு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "இன்னைக்கு லோடு இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையே. ஏன்?"

"இப்பத்தான் உங்க பிக்கப் சத்தம் கேட்டுது. கீழ இறங்கற சத்தம்."

பாலாமணி வேலியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் வண்டி நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. ஸ்வெட்டர் ஆணியில் இல்லை. மேய்ச்சலிலிருந்து வந்த கன்றுக்குட்டி கட்டப்படாமலே நின்றது.

"ஏனுங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அடுக்களையில், பின்கட்டில், தோட்டத்து வரப்பில் எங்கும் ஆள் இல்லை.

டிவி ஸ்டாண்டின்மேல் போன் இருந்தது. ஒரு நாளும் அதை விட்டுவிட்டுப் போகாதவர். அவள் அதை எடுத்துத் திரையைத் தொட்டாள். மத்தியானம் கடையில் எவ்வளவு இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே சார்ஜ் இப்போதும் இருந்தது. பர்சானா சொன்னது சரிதான். நிற்கிறது.

பர்லியாருக்குப் போயிருப்பாரா? திருப்பூருக்கா? காது மடல் சிவந்த கோபத்தோடு வேறெங்காவதா? வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, மலை இறங்கும் ரோட்டில் இந்நேரம் மூடுபனி கட்ட ஆரம்பித்திருக்கும். மனுஷர் எந்த வளைவில் போகிறார் என்று யாரிடம் கேட்பது?

கேட்டால் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவன் போனும் அணைந்து கிடக்கிறது. அது அணையாமல் இருந்தாலும் அவனுக்கு இனி தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் பண்ணியாயிற்று. அவர் போனோ இங்கே அவள் கையில் இருக்கிறது.

பாலாமணி அந்தக் கம்பளி சாக்ஸைத் தேடி எடுத்தாள். பழக்க தோஷத்தில் போனை அதற்குள் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்தாள்.